வாய்க்காலுக்கு மேற்கே

பதினைந்து ஆண்டுகளாக ஒரே கேள்விக்கு ஒரே தவறான பதிலைச் சொல்லி வந்திருக்கிறேன். கேள்வி மிகச் சாதாரணமானது: "இந்தச் சனி, ஞாயிறு பாண்டிச்சேரி போகிறோம். எங்கே தங்கலாம்? எங்கெல்லாம் போகலாம்?" அவ்வூரில் நான்கு ஆண்டுகள் கல்லூரியில் படித்தவன் என்ற ஒரே தகுதியை வைத்து, சென்னையில் அலுவலக நண்பர்களும் உறவினர்களும் என்னை இவ்விஷயத்தில் நிபுணனாக வரித்துக்கொண்டுவிட்டார்கள். நானும் அந்தப் பதவியை மறுக்காமல், அதிகம் யோசிக்கவும் செய்யாமல், "கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் தங்குங்கள். காலையில் கடற்கரை, மதியம் ஆரோவில், மாலையில் மறுபடி கடற்கரை" என்று ஒப்பித்து வந்தேன். சென்ற மாதம் அக்காள் மகன் தொலைபேசியில் இதே கேள்வியைக் கேட்டபோதுதான், வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, "நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்றேன். அந்த ஒரு நாள் அவகாசத்துக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

புதுச்சேரியின் பழைய நகரம் ஒரு முட்டை வடிவத்துக்குள் அடங்கியது. சுற்றிலும் அவ்வூர்க்காரர்கள் இன்றும் 'புல்வார்' என்றே சொல்லும் அகலமான சாலை. உள்ளே நூல் பிடித்து வரைந்தாற்போல் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நேர் தெருக்கள். நடுவில் வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே கடல் வரையில் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர்கள் வாழ்ந்த பகுதி. ஒன்று வெள்ளையர் நகரம், மற்றொன்று கறுப்பர் நகரம் என்று நிறம் சொல்லியே அன்று பிரித்திருந்தார்கள். முதல் பெயர் இன்றும் 'ஒயிட் டவுன்' என்று விடுதி விளம்பரங்களில் பெருமையோடு உலவுகிறது. இரண்டாவது பெயரை யாரும் சொல்வதில்லை. பெயர் ஒழிந்தது நல்லதே. ஆனால் பெயரோடு சேர்ந்து அந்தப் பகுதியும் பயணிகளின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. அதற்கு என்னைப் போன்ற ஆலோசகர்களும் உடந்தை.

முதலில் கணக்கு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். சனிக்கிழமை அதிகாலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஒன்பதரைக்குள் போய்ச் சேரலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்புவதாக வைத்துக்கொண்டால், கையில் இருப்பது முப்பத்தொன்றரை மணி நேரம். உறக்கத்துக்கும் குளியலுக்கும் ஒன்பது மணி நேரம் தள்ளுங்கள். சாப்பாட்டுக்கு மூன்று, நான்கு மணி நேரம். பத்தொன்பது மணி நேரம் மிஞ்சும். வாரக் கடைசிப் பயணத்தின் மொத்தச் செல்வம் இந்தப் பத்தொன்பது மணி நேரந்தான். இதை எங்கே தொலைக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது, பார்க்கப்போகும் இடங்களின் பட்டியலைவிட அதிகமாக, நாம் எடுக்கும் அறை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு போனபோது, ஊருக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, 'கடல் நோக்கிய' விடுதி ஒன்றில் அறை எடுத்தேன். படத்தில் சாளரம் முழுக்கக் கடல். போய்ச் சாளரத்தைத் திறந்தால் ஜெனரேட்டர். கடல் எங்கே என்று கேட்டதற்கு, மொட்டைமாடிக்குப் போனால் தெரியும் என்றார்கள். அது போகட்டும். ஊருக்குள் வரவும் திரும்பவும் சனிக்கிழமை மாலைப் போக்குவரத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம். இரண்டு தடவை போய்வந்ததில் நான்கு மணி நேரம் காருக்குள் கழிந்தது. பத்தொன்பதில் நான்கு. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்தக் குளம் பூவிருந்தவல்லியில் இருந்திருந்தாலும் அதே மகிழ்ச்சி கிடைத்திருக்கும். ஓய்வு மட்டுமே வேண்டுமென்பவர்கள் தாராளமாக அப்படித் தங்கலாம். அவர்கள் ஒரு விடுதிக்குப் போய் வருகிறார்கள். நான் பேசுவது ஓர் ஊருக்குப் போய்வர விரும்புகிறவர்களைப் பற்றி.

அப்படியானால் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் என்ன குறை? வசதியில் எந்தக் குறையும் இல்லை. சுத்தமான தெருக்கள், மஞ்சள் சுவர்கள், மதிலுக்கு மேலே காகிதப்பூக் கொடிகள், தெருமுனையில் சிவப்புத் தொப்பி அணிந்த காவலர். இரண்டு நிமிட நடையில் கடல். மாலை முதல் மறுநாள் காலைவரை கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை என்பது தமிழ்நாட்டின் எந்தக் கடற்கரை ஊரும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு. எனக்கு அப்பகுதியின்மீது வெறுப்பு ஒன்றுமில்லை. பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கும் சைவ ஆகம ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தச் சுவடிகள் இருப்பது கிழக்குப் பக்கத்தில்தான். 1827-ல் தொடங்கி இன்று ரொமேன் ரோலான் பெயரைத் தாங்கியிருக்கும் நூலகமும் அங்கேதான்.

ஆனால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அத்தெருக்களில் நின்று பாருங்கள். எதிரே வருகிறவர்களில் ஊர்க்காரர் எத்தனை பேர்? ஒரே மஞ்சள் சுவரின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள நான்கு குடும்பங்கள் வரிசையில் நிற்கும். சென்னைக்காரர்கள் சென்னைக்காரர்களைப் பார்த்து, பெங்களூர்க்காரர்கள் பெங்களூர்க்காரர்களைப் பார்த்துத் திரும்பும் ஊராக அது வாரக் கடைசிகளில் மாறிவிடுகிறது. வீடுகள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் ஆகிவிட்டன. நாம் நடப்பது தெருவில்தான். ஆனால் ஒரு பெரிய விடுதியின் முன்கூடத்தில் நடப்பது போலவே இருக்கிறது.

வாய்க்காலைக் கடந்து மேற்கே வாருங்கள். பத்து நிமிட நடைதான். வைசியாள் வீதி, பெருமாள் கோயில் வீதி, செட்டித் தெரு, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி. இங்குள்ள பழைய வீடுகளுக்கு ஓர் அமைப்பு உண்டு. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். வெயிலுக்கும் மழைக்கும் நடந்துபோகிறவர் ஒதுங்கிக்கொள்ள. அதற்கு உள்ளே திண்ணை. வந்தவர் உட்கார, படுக்க. பிறகு கதவு, நடை, முற்றம். மாடி வைத்த வீடென்றால், கீழ்த்தளம் தமிழாகவும் மேல்தளம் பிரெஞ்சாகவும் இருக்கும்: மேலே சுதைத் தூண்கள், வளைவுகள், பட்டைச் சட்டம் வைத்த மரச் சாளரங்கள். இரண்டு நாகரிகங்கள் ஒன்றின் தலையில் ஒன்றாக ஏறி உட்கார்ந்து இருநூறு ஆண்டுகள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்திய வீடுகள் இவை. கிழக்கே இருப்பது பிரான்சின் நகல். இதைப் போன்றது பிரான்சிலும் இல்லை, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் இல்லை.

திண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கே தங்கலாம் என்ற கேள்விக்கு நம் முன்னோர் கட்டிவைத்த விடை அது. வழிப்போக்கர் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெயரும் ஊரும் சொல்ல வேண்டியதில்லை. இரவு படுத்து விடியலில் எழுந்து போகலாம். யாருக்கும் உரிய இடம் என்று அதைப் புனிதமாக்கிவிட வேண்டாம். எந்தச் சாதிக்காரன் எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. இந்தத் தெருக்களின் பெயர்களே அதற்குச் சாட்சி. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில், 1745-ல் தேவாலயத்துக்குள் சாதிக் கிறித்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எழுந்த பூசலைப் பதிவு செய்திருக்கிறார். வெள்ளையன் வாய்க்காலால் பிரித்தான். நாம் நமக்குள் சுவரால் பிரித்துக்கொண்டோம். மேற்குப் பகுதியைப் புகழ்கிறவன் இதை மறைத்துவிட்டுப் புகழக் கூடாது.

இலக்கிய வாசகர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊருக்குத் தங்க இடம் தேடி வந்தவர்கள் என்று பார்த்தால், நம் வரலாற்றில் முக்கியமானவர்கள் மேற்கேதான் இறங்கினார்கள். 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்து சேர்ந்த அரவிந்தருக்கு முதல் இருப்பிடம் கலவை சங்கரஞ் செட்டியார் வீட்டு மேல்மாடி; அது தமிழர் பகுதியில் இருந்தது. 1908-ல் வந்த பாரதி 1918-ல் வெளியேறும்வரை பத்தாண்டுகள் இவ்வூரில் வாழ்ந்தார். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இங்கே பிறந்தவை. அவர் குடியிருந்த வீடுகளில் ஒன்று ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் நினைவகமாக இருக்கிறது. அவருடைய வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று ஒருவர். வாடகை கேட்க வருவார். உட்கார்ந்து பாட்டும் பேச்சும் கேட்பார். வாடகையைக் கேட்காமலே எழுந்து போவார். வ.ரா. எழுதியதைப் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். வாடகைக்கு வந்தவனும் வாடகைக்கு விட்டவனும் சேர்ந்து தமிழ்க் கவிதைக்குச் செய்த உபகாரம் அது.

நானும் அப்படி ஒரு வாடகைக்காரனாக இருந்தவன்தான். கவிதை எதுவும் எழுதவில்லை என்பதோடு ஒப்புமை முடிந்துவிடும். மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில், திண்ணை வைத்த வீட்டின் மாடியில் நண்பன் ஒருவனோடு நான்கு ஆண்டுகள் இருந்தேன். வீட்டுக்கார அம்மாளின் கணவர் சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அவ்வூரில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் இந்தோசீனா போய்வந்தவர். நான் போவதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிரான்சிலிருந்து மாதாமாதம் வந்த ஓய்வூதியத்தில் அந்த அம்மாள் வீட்டைக் கட்டிக் காத்தார். ஆண்டுக்கொருமுறை ஓடு மாற்றும் செலவும், கரையான் ஏறிய உத்தரத்துக்கு வைத்தியம் பார்க்கும் செலவும் எவ்வளவு என்று எங்களிடம் புலம்புவார். "தம்பி, இந்த வீடு என்னைச் சாப்பிடுது" என்பார். ஆனால் மாலையானால் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார். தெருவில் போகிற மீன்காரி முதல் தபால்காரர் வரை அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிக்காமல் போனதில்லை.

சென்ற ஆண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு இல்லை. கண்ணாடியும் பளபளக்கும் ஓடுகளும் ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம் நின்றது. கீழே கடை, மேலே தங்கும் அறைகள். பக்கத்து வீட்டில் விசாரித்தேன். அம்மாள் போன பிறகு பிள்ளைகள் பிரான்சிலிருந்து வந்து விற்றுவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அங்கேயே வாழாதவர்களால் அந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் ஓடு மாற்ற முடியாது. நின்றுகொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேரை இந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்! அவர்களில் ஒருவரையாவது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தங்கச் சொல்லியிருக்கிறேனா? அந்த அம்மாள் உயிரோடு இருந்த காலத்தில், மாடி அறைக்கு மாதத்தில் நான்கு வாரக் கடைசியும் ஆள் வந்திருந்தால், ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் வழி பிறந்திருக்கலாம். வீடு தன்னைக் காத்துக்கொள்ளச் சம்பாதிக்கும் என்று பிள்ளைகளுக்கும் தோன்றியிருக்கலாம். தோன்றாமலும் போயிருக்கலாம். ஆனால் நான் கிழக்கே கை காட்டியபடியே இருந்தேன்.

இது வெறும் ஏக்கப் புலம்பல் இல்லை என்பதற்கு வைசியாள் வீதியே சான்று. அங்கே வீடுகளின் முகப்புகளையும் தாழ்வாரங்களையும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் முயற்சியில் சீரமைத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. அதே தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் சில பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகி நன்றாகவே நிற்கின்றன. தங்க ஆள் வந்தால் வீடு நிற்கும் என்பது கண்கூடு. கவனிப்பார் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நின்ற மேரி கட்டடம், அரசாங்கத்தின் கையில் இருந்தும்கூட, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. 2021-ல் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். கடற்கரையில் இருந்த காரணத்தால் அதற்கு மறுபிறவி கிடைத்தது. சந்துக்குள் விழும் திண்ணை வீட்டுக்கு யார் நகல் கட்டுவார்கள்?

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதலாவது வசதி. பழைய வீட்டு மாடிப்படி செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். கார் நிறுத்த இடம் கிடைக்காது. மார்கழியானால் கோயில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே எழுப்பிவிடும். கொசு உண்டு. இவையெல்லாம் உண்மை. முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, கீழ்த்தளத்தில் அறை உண்டா, குளியலறை எப்படி என்று கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை. செலவு குறைய வேண்டுமென்றால் ஆசிரமத்தின் விடுதிகளும் உண்டு. அங்கே மதுவும் புகையும் கூடாது, இரவு பத்தரை மணிவாக்கில் கதவை அடைத்துவிடுவார்கள். இந்த நிபந்தனைகளைக் கேட்டவுடனே பாதிப் பேர் வேறு இடம் தேடுவார்கள். மீதிப் பேருக்கு நல்ல உறக்கம் கிடைக்கும்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. எல்லாரும் மேற்கே தங்க ஆரம்பித்தால் மேற்கும் கிழக்காகிவிடாதா? வாடகை ஏறும், குடியிருக்கிறவர்கள் காலி செய்வார்கள், திண்ணையில் ஊர்க்காரர்களுக்குப் பதில் காவலாளி உட்கார்ந்திருப்பார். இந்த அச்சம் நியாயமானது. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. தனி மனிதனாக நான் கடைப்பிடிக்கக்கூடியது ஒரு விதிதான்: வீட்டுக்காரர் இன்னமும் அதே கூரையின்கீழ் குடியிருக்கும் வீடாகத் தேடு. இரண்டு அறையை வாடகைக்கு விட்டுவிட்டு முற்றத்தில் வடாம் காயப்போடுகிற வீடு. கிடைக்காவிட்டால், அந்தத் தெருவில் குடும்பங்கள் வாழ்கின்றனவா என்றாவது பார். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகாத தெருவில், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், தங்காதே.

மூன்றாவதை வாதம் என்று சொல்ல முடியாது, வழக்கம். சென்னையிலிருந்து இளைஞர் கூட்டம் புதுச்சேரிக்குப் போவதே குறைந்த விலையில் குடிப்பதற்காகத்தான் என்பது ஊரறிந்த இரகசியம். நான் மதுவிலக்குப் பிரசாரகன் இல்லை. ஆனால் நூற்றைம்பது கிலோமீட்டர் பயணம் செய்து ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு குடிப்பவர்களுக்கு ஊர் எதற்கு? அந்த ஊர்ப் பெண்கள் சனிக்கிழமை இரவு எந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது என்று கணக்குப் போட்டு நடக்கிறார்கள் என்பதை அங்கே குடியிருந்தவன் என்ற முறையில் அறிவேன். விருந்தாளியால் வீட்டுக்காரர் தம் வீட்டிலேயே ஒதுங்கி நடக்க நேர்ந்தால், விருந்தாளி தன்னைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும்.

சரி, மேற்கே தங்கியாயிற்று. எங்கே போவது? என் ஆலோசனை, பட்டியலைச் சுருக்குங்கள் என்பதே. ஆரோவிலை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். மாத்ரி மந்திரின் உள்ளே சென்று அமர முன்பதிவு வேண்டும். அவசரமாகப் போனால் தூரத்திலிருந்து பொற்கோளத்தைப் பார்த்துவிட்டு, வெயிலில் நடந்த களைப்போடு திரும்புவீர்கள். அதற்கென்று தனியாக ஒரு நாள் கொடுத்துப் போவதுதான் அதற்கும் மரியாதை. சுண்ணாம்பாற்றுப் படகும் அப்படியே. தொல்லியலில் ஆர்வம் உள்ளவர்கள் ஊருக்குத் தெற்கே அரிக்கமேடு போகலாம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து, ரோமானிய வணிகத்தின் தடயங்களை உலகுக்கு அறிவித்த இடம். ஆனால் அங்கே கண்ணுக்குத் தெரிவது ஆற்றங்கரையில் ஒரு தோப்பும் சில செங்கல் சுவர்களும்தான். அந்தச் சுவர்களும் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. படித்துவிட்டுப் போனால் தோப்பு பேசும். படிக்காமல் போனால் கொசு கடிக்கும்.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்து, வெயில் தாழும்வரை உறங்குங்கள். இதை நேர விரயமாக எண்ண வேண்டாம். அந்த ஊரே அந்நேரத்தில் உறங்குகிறது. பல கடைகள் மதியம் அடைத்து நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். பிறகு பாரதி நினைவகத்துக்கும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீட்டுக்கும் நடந்தே போகலாம். திறந்திருக்கும் நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. இரு கவிஞர்களின் வீடுகளும் எவ்வளவு அருகருகே என்பதைக் காலால் நடந்து உணர்வது, எந்த நூலும் தராத அறிவு. இருட்டிய பின் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். கிழக்கே தங்கவில்லை என்பதற்காகக் கடலைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1836-ல் எழுப்பிய பழைய கலங்கரை விளக்கத்தையும் காந்தி சிலையையும் கடந்து தெற்கு முனைவரை நடந்துவிட்டு, வாய்க்காலைத் தாண்டித் திரும்பி வரும்போது, விளக்கு வெளிச்சம் குறைந்து வீட்டுச் சத்தங்கள் கூடுவதைக் கேட்கலாம்.

ஞாயிறு காலை பெரிய மார்க்கெட். மீன் அங்காடியில் பெண்கள் ஏலமும் ஏச்சுமாக வியாபாரம் செய்வதைப் பார்த்துவிட்டு, பூக்கடை வரிசையில் வெளியே வந்தால் பக்கத்திலேயே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1738-ல் கட்டியதாகச் சொல்லப்படுவது. துய்ப்ளேக்ஸின் துபாஷாக இருந்து, 1736 முதல் 1761-ல் தாம் இறக்கும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய மனிதரின் வீடு. அவர் கண்மூடிய சில நாள்களில் நகரம் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. அவர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று கிழக்கே நாம் வியக்கும் மாளிகைகள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை. தனியாருக்குரிய வீடு என்பதால் உள்ளே போக அனுமதி பெற வேண்டும். வெளியே நின்று பார்த்தாலும் குற்றமில்லை. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களைப் பயணத்துக்கு முன் படித்துவிட்டால், அந்தச் சந்தடிக்கு நடுவே பல்லக்குச் சத்தம் கேட்கும். மகாத்மா காந்தி சாலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விரியும் தெருச்சந்தையில் ஊர் முழுவதையும் பார்க்கலாம். அங்கே பயணிகளைவிட ஊர்க்காரர்கள்தான் அதிகம்.

இவ்வளவையும் மறுநாள் அக்காள் மகனிடம் சொன்னேன். மனைவி, மூன்று வயதுப் பெண், மாமியார் சகிதம் போகிறவனுக்கு இத்தனை வரலாறு எதற்கு என்று அவன் நினைத்திருக்கலாம். "சரி மாமா" என்று மட்டும் சொன்னான். கீழ்த்தளத்தில் அறை உள்ள ஒரு வீடு கிடைத்து, போய்த் திரும்பியும் வந்துவிட்டான். வந்ததும் புகார்ப் பட்டியல்: வெந்நீர் தாமதமாக வந்தது, காரை எங்கோ தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது, மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுக்கவில்லை என்று மனைவிக்கு வருத்தம். பிறகு சற்று நிறுத்தி, "ஆனா மாமா, அத்தை ரெண்டு நாளும் திண்ணையை விட்டு அசையலை. எதிர் வீட்டு அம்மாகிட்ட ஃபோன் நம்பர் வாங்கிட்டு வந்திருக்காங்க. பாப்பா அந்த வீட்டுப் பசங்களோட விளையாடினா. பீச்சுக்கு ஒரே ஒரு தடவைதான் போனோம்" என்றான்.

அதை அவன் ஒரு குறையாகத்தான் சொன்னான். நான் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. எந்தத் தெரு, எந்த வீடு, வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறாரா என்று மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்து யார் கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் இப்போது ஒரு முகவரி இருக்கிறது.